சனிக்கிழமை நடைக்கு வந்தவர்

மும்பை
12 ஜனவரி 2025

ஏட்டி சுகந்தி,

நானும் லிங்கமும் நல்லாயிருக்கோம். நீ எப்படி இருக்கே? சத்யா எட்டாம் வகுப்புல ஒழுங்கா படிக்காளா? அம்மைக்கு மூச்சிரைப்பு எப்படி இருக்கு? பனி நேரத்துல மாடிப்படி ஏற விடாதே. அண்ணனைப் பத்தியும் கேட்டேன்னு வச்சுக்கோ.

எனக்குப் புது வேலை கிடைச்சிருக்கு. கேட்டா சிரிப்பே. ஆட்களைக் கூட்டிக்கிட்டுத் தெருத் தெருவா நடக்கணும், அதான் வேலை. சஃப்ரின்னு ஒரு பொண்ணு இதை நடத்துதா. தாத்தா காலத்துல கடையநல்லூர்ல இருந்து இங்கன வந்த குடும்பம். நம்ம பேச்சு அப்படியே வரும், 'ழ' மட்டும் வராது. தாஜ் ஓட்டல், இந்தியா கேட்டெல்லாம் எங்க நடையில கிடையாது. பரேல், லால்பாக், நைகாவ் பக்கம் பழைய மில் தொழிலாளிங்க குடியிருந்த தெருக்கள்தான். ஐம்பது வருஷத்துக்கு முந்தி ஊரோட ஒத்துப்போகாதவங்க வாழ்ந்த இடம். சாதியைத் திட்டிக் கவிதை எழுதி, தாங்களே அச்சடிச்சு, ரயில்வே ஸ்டேஷன் வாசல்ல வித்த பையன்கள் கூடின டீக்கடையைக் காட்டுவோம். வேலைநிறுத்தத்துல பாட்டுக் கட்டிப் பாடினவங்க இருந்த 'சால்' வீடுகளைக் காட்டுவோம். 'சால்'ங்கிறது நம்ம ஊர் வளவு மாதிரி, ஒரு வராந்தா, வரிசையா ஒத்தை அறை வீடுகள்.

கடைசியா ஒரு மரப்படிக்குக் கீழே நிப்போம். மேலே ஒரு அறையில மில்லுல வேலை பார்த்த ஒரு அம்மா தனியா இருந்தாளாம். வீட்டை விட்டு வந்த பொண்ணு யார் கதவைத் தட்டினாலும், என்ன பேரு, என்ன ஆளுன்னு கேக்காம உள்ளே விடுவாளாம். அதைச் சொல்லும்போது மட்டும் எனக்கு இங்கிலீஷ் தடுமாறுது.

உனக்குப் போன் ஒன்னு ரகசியமா வாங்கி அனுப்பட்டுமான்னு லிங்கம் கேட்டார். வேண்டாம்னுட்டேன். கோயமுத்தூர்ல நாங்க இருந்தப்போ நீ ஒரே ஒரு தடவை என்கிட்ட பேசினே. அந்த நம்பரை வச்சு அண்ணன் எங்க வாசல் வரைக்கும் வந்துட்டான். போலீஸ்காரனுக்கு அது போதும். பின்பக்கச் சுவர் ஏறிக் குதிச்சு ஓடினதை நான் மறக்கல. சாதி மாறி லிங்கத்தைக் கட்டிக்கிட்டு வந்த இந்த ஒன்பது வருஷமா நம்மளைக் காப்பாத்துனது தபால்தான்.

வழக்கம்போல நீ வேலை பார்க்கிற குற்றாலம் லாட்ஜுக்கே இதை அனுப்புதேன். படிச்சதும் அடுப்புல போட்டுரு. லாட்ஜைப் பாத்துக்கிடுத ரஹ்மத்துன்னிசா அக்காவை விசாரிச்சதாச் சொல்லு.

உன் சித்ரா


குற்றாலம்
2 பிப்ரவரி 2025

ஏட்டி சித்ரா,

கடிதம் வந்துச்சு. நானும் சத்யாவும் சுகம். நீயும் லிங்கம் அண்ணனும் சுகமா இருந்தா அது போதும் எனக்கு.

ஐயப்ப சாமிங்க கூட்டம் முடிஞ்சு லாட்ஜு காலியாக் கெடக்கு. அருவியில தண்ணி நூலாத்தான் விழுது. அக்கா எல்லா மெத்தையையும் வெயில்ல போடச் சொல்லியிருக்காவ. அதனால எழுத நேரம் கிடைச்சுது.

நீ சொன்ன மாதிரி அடுப்புல போடல. மடியில வச்சு வீட்டுக்குக் கொண்டு போனேன். உங்க அண்ணன் டூட்டிக்குப் போன பொறவு அத்தைக்கு வாசிச்சுக் காட்டினேன். அத்தை அரிசியில கல்லு பொறுக்கிக்கிட்டே இருந்தாவ. உன் பேரைச் சொல்லல, நிமிர்ந்தும் பாக்கல. முடிச்ச பொறவு, "அந்த மில்லுக்காரி அறைக்கு வாடகை யாரு கொடுத்தா?"ன்னு மட்டும் கேட்டாவ. எனக்குத் தெரியாதுன்னேன். "கேட்டு எழுதச் சொல்லு"ன்னுட்டு முறத்தை எடுத்துக்கிட்டு உள்ளே போயிட்டாவ. ஒன்பது வருஷத்துல உன்கிட்ட அவுக கேட்ட முதல் கேள்வி இதுதான்.

மூச்சிரைப்பு கூடித்தான் இருக்கு. நடுவுல பெரியாஸ்பத்திரியில வச்சிருந்தோம். இப்போ வீட்டுக்கு வந்தாச்சு. கஞ்சி குடிக்காவ.

ஒன்னு கேக்கேன், கோவிக்காதே. கூட்டத்துக்கு முன்னாடி நின்னு பேசுத வேலைன்னு சொல்லுதே. வாறவங்க போட்டோ எடுக்க மாட்டாங்களா?

உடம்பைப் பாத்துக்கோ. மூஞ்சியையும் பாத்துக்கோ.

உன் சுகந்தி


மும்பை
18 பிப்ரவரி 2025

ஏட்டி சுகந்தி,

உன் கடிதத்தைப் படிச்சுட்டு லிங்கத்துக்கிட்ட ஓடிப்போய்க் காட்டினேன். அம்மை என்கிட்ட கேள்வி கேட்டிருக்கா. நீ சுகம்னு எழுதியிருக்கிறதைக்கூட ரெண்டாவது தடவைதான் படிச்சேன், மன்னிச்சுக்கோ.

சஃப்ரின் அந்தச் சால்லயே இன்னும் இருக்கிற வயசான அம்மா ஒருத்தியைப் போய்க் கேட்டுக்கிட்டு வந்தா. வாடகையை அந்த வராந்தாப் பொண்ணுங்க எல்லாரும் பங்கு போட்டுக் கொடுத்தாங்களாம். புருஷன்மாருக்குத் தெரியாம. அரிசி டப்பாவுல போட்டு வச்சு, மாசக் கடைசியில ஒருத்தி எல்லா வீட்டுக்கும் போய் வாங்கிக்கிடுவாளாம். அம்மைக்கு இதை அப்படியே வாசிச்சுக் காட்டு. இன்னும் என்ன தெரியணும்னாலும் கேக்கச் சொல்லு. இனிமே ஒவ்வொரு கடிதத்துலயும் ஒரு தெருவைப் பத்தி எழுதுதேன்.

போட்டோ எடுக்கத்தான் செய்வாங்க. என் கையில ஒரு நீலக் குடை இருக்கும், கூட்டத்துக்கு அடையாளம். கேமரா தூக்கினா குடையைச் சாய்ச்சுக்கிடுவேன். கவலைப்படாதே.

ஆனா அம்மை விஷயத்துல நீ மழுப்புத மாதிரி இருக்கு. பெரியாஸ்பத்திரியில வச்சிருந்தோம்னா எதுக்கு? உண்மையைச் சொல்லு. அவளுக்கு முடியலைன்னா நான் வந்துருவேன். அண்ணன் என்னை வெட்டினாலும் சரி, அவ கண்ணு முன்னாடி வந்து நின்னுருவேன். லிங்கத்துக்கிட்டயும் சொல்லிட்டேன்.

சத்யாவுக்கு என் முத்தம். பதில் சீக்கிரம் போடு.

சித்ரா


குற்றாலம்
20 ஏப்ரல் 2025

ஏட்டி சித்ரா,

நீயும் லிங்கம் அண்ணனும் சுகம்தானே? பதில் எழுத இவ்வளவு தாமதமானதுக்குத் திட்டாதே. வீட்டுல ஆள் வரத்தும் போக்குமா இருந்துச்சு. பேனா எடுக்க முடியல.

நேரா விஷயத்துக்கு வாரேன். உன்னைப் பாத்துட்டாவ.

யாரோ ஒரு பையன் உன் நடைக்கு வந்தவன் வீடியோ எடுத்துப் போட்டிருக்கான். நீலக் குடை இருக்கு, ஆனா உன் மூஞ்சி முழுசாத் தெரியுது. பாவூர்சத்திரம் மார்க்கெட்டுக்கு லோடு ஓட்டுத மாடன் பாத்துட்டு உங்க அண்ணனுக்கு அனுப்பியிருக்கான். அவுக சத்தம் போட்டிருந்தா எனக்குப் பயம் இருந்திருக்காது. சத்தமே இல்ல. சாப்பிட்டுக்கிட்டே பாத்தாவ, கையைக் கழுவிட்டு வந்து மறுபடியும் பாத்தாவ. பொறவு சத்யாவைக் கூப்பிட்டு, வீடியோவுக்குக் கீழே இங்கிலீஷ்ல என்ன எழுதியிருக்குன்னு வாசிக்கச் சொன்னாவ. அந்தப் புள்ள பாவம், வீடியோவுல இருக்கது தன் அத்தைன்னு தெரியாம, எந்த ஏரியா, எந்தக் கிழமை, எப்படி டிக்கெட் எடுக்கணும்னு எல்லாத்தையும் தமிழ்ல எடுத்துச் சொல்லிட்டா.

கடைசியில, "இவளுக்கும் இந்த வருஷத்தோட படிப்பு போதும்"ன்னாவ. சத்யா என்னைப் பாத்தா. நான் தட்டை எடுத்துக்கிட்டு உள்ளே போயிட்டேன்.

நீ அந்த வேலையை விட்டுரு. கும்பிட்டுக் கேக்கேன். வேற தெருவுக்கு வீடு மாறிரு.

அத்தையைப் பத்தி அடுத்த கடிதத்துல விவரமா எழுதுதேன். நீ இந்தப் பக்கம் வரணும்னு மட்டும் நினைக்காதே.

சுகந்தி


மும்பை
29 ஏப்ரல் 2025

ஏட்டி சுகந்தி,

இங்கன ரெண்டு பேரும் உடம்புக்கு ஒன்னும் இல்லாம இருக்கோம். மனசைக் கேக்காதே.

லிங்கம் புனேயில ஒரு லேப்ல வேலை கேட்டுட்டார். லிங்கத்தோட ஊர் ராயகிரியில இருந்து கோயமுத்தூர், கோயமுத்தூர்ல இருந்து மும்பை, இப்போ புனேயா? நான் வரமாட்டேன்னு சொல்லி ரெண்டு பேருக்கும் சண்டை. சஃப்ரின் நடை தொடங்குத இடத்தை முன்கூட்டியே சொல்லுததை நிறுத்திட்டா. டிக்கெட் எடுத்தவங்களுக்கு மட்டும் அன்னைக்குக் காலையில சொல்லுவா. ஒரு மாசம் நான் நடக்கல, பொறவு தொடங்குவேன்.

சத்யா படிப்பை நிறுத்த விடாதே. அதுக்கு மேல உனக்கு முடியலைன்னா இதைக் கேட்டுக்கோ. எங்களுக்கு ஒத்தை அறைதான். ஆனா நீயும் அவளும் வந்து கதவைத் தட்டினா நாங்க நாலு பேரா இருப்போம், அவ்வளவுதான். சும்மா ஆறுதலுக்குச் சொல்லல.

உன் கடிதத்துல அம்மையைப் பத்தி ஒரு வரிகூட இல்ல. விவரமா எழுதுதேன்னு நீ சொன்னதுதான் என்னைத் தூங்க விடல. வாடகை யாரு கொடுத்தான்னு சொன்னியா? என்ன சொன்னா?

பதில் போடு. ரெண்டு வரி போதும்.

சித்ரா


தென்காசி
4 ஜூன் 2025

அன்புள்ள நாத்தனார் ஜெயசித்ராவுக்கு,

சுகந்தி எழுதிக்கொள்வது. இங்கு யாவரும் நலம். அங்கு தாங்களும் தங்கள் கணவரும் நலமாக இருக்க இறைவனை வேண்டுகிறேன்.

அத்தைக்கு உடல்நிலை மிகவும் மோசமாக உள்ளது. மருத்துவர்கள் கைவிட்டுவிட்டார்கள். தங்கள் பெயரையே சொல்லிக்கொண்டு இருக்கிறார்கள். தங்களைக் கடைசியாக ஒரு முறை பார்க்க ஆசைப்படுகிறார்கள். தங்கள் அண்ணன் பழையதை எல்லாம் மறந்துவிட்டார். திருநெல்வேலி வரை ரயிலில் வந்து செங்கோட்டை வண்டி ஏறினால் தென்காசி ஸ்டேஷனுக்கு அவரே வந்து அழைத்துச் செல்வார். தாங்கள் மட்டும் வந்தால் போதும். வரும் நாளையும் வண்டியையும் உடனே தெரிவிக்கவும்.

தாமதிக்க வேண்டாம்.

இப்படிக்கு,
சு. சுகந்தி


மும்பை
12 ஜூன் 2025

அன்புள்ள மதினிக்கு,

நலம். வீட்டில் எல்லாரும் நலம் என்று எழுதியிருந்தீர்கள், அடுத்த வரியிலேயே அம்மா சாகக் கிடப்பதாகவும் எழுதியிருந்தீர்கள். எதை நம்புவது என்று தெரியவில்லை.

ஒன்பது வருஷத்துக்குப் பிறகு நம் வீட்டு முகவரியை ஒரு உறையில் எழுதுகிறேன். இந்தக் கடிதத்தை அண்ணனும் படிப்பான் என்று எனக்குத் தெரியும். அதனால் அவனுக்கும் சேர்த்தே எழுதுகிறேன்.

அண்ணா, அம்மாவைப் பார்க்க வருவதற்கு எனக்கு உன் அனுமதியோ, ஸ்டேஷனில் உன் வரவேற்போ தேவையில்லை. சஃப்ரினுடைய அலுவலக எண்ணைக் கீழே எழுதியிருக்கிறேன். எந்த நாளிலும் கூப்பிடலாம். அம்மாவிடம் போனைக் கொடு. அவள் என்னைத் திட்டினாலும் போதும், ஒரு வார்த்தை அவள் குரலில் கேட்டால் அடுத்த வண்டியில் நான் இருப்பேன்.

போன் வரவில்லை என்றால் நான் வரமாட்டேன்.

மதினிக்கும் சத்யாவுக்கும் ஒரு குறையும் வராமல் பார்த்துக்கொள்.

ஜெயசித்ரா


குற்றாலம்
22 ஜூன் 2025

சித்ரா,

சுகமெல்லாம் பொறவு விசாரிக்கேன். அக்கா கடைக்குப் போயிருக்காவ, வாறதுக்குள்ள முடிக்கணும். ஸ்பீடு போஸ்ட்ல அனுப்பச் சொல்லி அவுககிட்டதான் கொடுக்கப்போறேன்.

இந்த மாசம் தென்காசியில இருந்து வந்த கடிதம் நான் எழுதல. உங்க அண்ணன் எழுத வச்சாவ. பக்கத்துல நின்னு ஒவ்வொரு வரியாச் சொன்னாவ. உன் ஏப்ரல் கடிதம் அவுக கையில மாட்டிக்கிட்டு. சீசன் பந்தோபஸ்துக்கு மெயினருவிப் பக்கம் டூட்டி போட்டிருந்தாங்க. டீ குடிக்க லாட்ஜுக்கு வந்த நேரம் பாத்து, தபால்காரர் நல்ல மனசுல 'உங்க வீட்டம்மாவுக்கு'ன்னு கையிலயே கொடுத்துட்டுப் போயிட்டார். உன் முகவரி கேட்டாவ. கொடுத்துட்டேன்.

நீ வரமாட்டேன்னு எழுதினது வந்த பொறவு லீவு போட்டிருக்காவ. ஜூலை அஞ்சாம் தேதி சனிக்கிழமை நடைக்கு டிக்கெட் எடுத்தாச்சு. வீரபாகுங்கிற பேருல. சத்யாவை உக்கார வச்சுத்தான் எடுத்தாவ. அவதான் எனக்கு வந்து சொன்னா. இந்தத் தடவை யாருன்னு அவளுக்குத் தெரிஞ்சிருக்கு.

அன்னைக்கு நீ ஊரிலேயே இருக்காதே.

கையெழுத்து கோணலா இருக்கும். கதவுல கை நசுங்கிட்டு. இப்போ பரவாயில்ல.

இனிமே கடிதத்தை அக்கா பேருக்கே போடு.

சு.


மும்பை
8 ஜூலை 2025

சுகந்தி,

நான் உயிரோட இருக்கேன். முதல்ல அதைச் சொல்லிருதேன். எந்தக் கதவுல கை நசுங்குச்சுன்னு பொறவு கேக்கேன்.

உன் கடிதம் நேரத்துக்கு வந்துட்டு. ஜூன் மாசக் கடிதத்தைப் பிரிச்ச உடனேயே எனக்குத் தெரியும் அது உன் பேச்சு இல்லைன்னு. நீ என்னைக்கு என்னைத் தாங்கள்னு கூப்பிட்டே? ஆனா அம்மை விஷயம் மட்டும் உண்மையா இருந்துருமோன்னு ராவும் பகலும் சஃப்ரின் போனையே பாத்துக்கிட்டு இருந்தேன்.

லிங்கம் நடையை ரத்து பண்ணச் சொன்னார். சஃப்ரினும் சொன்னா. ஒரு வாரம் ஒளிஞ்சுக்கிட்டா அடுத்த வாரம் வருவான், இல்லைன்னா வீட்டுக்கு வருவான், அங்கன யாரும் இருக்க மாட்டாங்கன்னேன். சஃப்ரின் பக்கத்துப் போலீஸ் ஸ்டேஷன்ல போய்ச் சொல்லிட்டு வந்தா. பாக்குறோம்னாங்களாம். அதனால அவ தன் சிநேகிதங்களை எல்லாம் டிக்கெட் எடுக்கச் சொல்லிட்டா. லிங்கம் பத்தடி தள்ளி, தொப்பி போட்டுக்கிட்டு வந்தார்.

நல்ல மழை. நான் குடையோட நின்னப்போ அண்ணன் ரோட்டுக்கு அந்தப் பக்கம் இருந்து வந்தான். தலை நரைச்சுட்டு, சுகந்தி. தோள்ல ஒரு பை. சஃப்ரின் பேரைக் கேட்டா. "வீரபாகு"ன்னான். என்னைப் பாத்தான். நானும் பாத்தேன்.

நான் நடந்தேன். அவன் கூட்டத்துக்குக் கடைசியில நடந்தான். டீக்கடை வாசல்ல நின்னு கவிதை வித்த கதையைச் சொல்லுதேன், என் குரல் எனக்கே கேக்கல. நான் பேசுனது இங்கிலீஷும் ஹிந்தியும். அவனுக்கு ஒரு வார்த்தையும் புரிஞ்சிருக்காது. மத்தவங்க சிரிச்சப்போ அவன் என்னையே பாத்துக்கிட்டு நின்னான். ஒரு கை எப்பவும் பை மேலேயே இருந்துச்சு. லால்பாக் சந்து ஒன்னு ரொம்ப ஒடுக்கம், ஒத்தை ஒத்தையாத்தான் போக முடியும். அந்தச் சந்துல அவன் எப்படியோ முன்னாடி வந்து எனக்கு நேர் பின்னாடி வந்துட்டான். அவன் மூச்சு எனக்குக் கேட்டுச்சு. சந்து முடிஞ்சு வெளியே வந்தப்போ என் மூஞ்சியைப் பாத்துட்டு ஒரு பெங்காலிப் பெரியவர் தண்ணி பாட்டிலை நீட்டினார்.

கடைசியா அந்த மரப்படிக்கு வந்தோம். அங்கன வச்சுத்தான் முடிவு பண்ணினேன். முந்தியே யோசிச்சதில்ல. கூட்டத்தைப் பாத்து, "இந்தக் கதையை இன்னைக்குத் தமிழ்ல சொல்லப்போறேன். எங்க ஊர்ல இருந்து ஒருத்தர் வந்திருக்கார். மத்தவங்களுக்கு சஃப்ரின் சொல்லுவா"ன்னேன். சொன்னேன். அந்த அறை, அந்த அம்மா, பேர் கேக்காமத் திறந்த கதவு. அரிசி டப்பா வாடகை. எல்லாம் சொல்லிட்டு, "இப்படி வந்த பொண்ணுங்களைத் தேடிக்கிட்டு அண்ணன்மாரும் வருவாங்க. இன்னைக்கு என் அண்ணன் வந்திருக்கான். இவன் பேரு வீரபாகு இல்ல. சுடலைராஜ். தென்காசியில போலீஸ்ல இருக்கான். ஒன்பது வருஷமா என்னைத் தேடுதான்"ன்னேன்.

சஃப்ரின் அதை இங்கிலீஷ்ல சொன்னா. மொத்தக் கூட்டமும் அவன் பக்கம் திரும்பிச்சு. வராந்தாவுல நின்ன பொண்ணுங்களும் எட்டிப் பாத்தாங்க. யாரும் ஒன்னும் செய்யல, சும்மா பாத்தாங்க. சிலபேர் போனைத் தூக்கினாங்க. லிங்கம் தொப்பியைக் கழட்டிட்டு என் பக்கத்துல வந்து நின்னார்.

அண்ணன் பைக்குள்ள கையை விடல. வாயைத் திறந்தான். "அம்மை செத்துப்போயிட்டா. மாசியில"ன்னான்.

நான் படியில உக்காந்துட்டேன். என்ன கேட்டேன்னு ஞாபகம் இல்ல. அவன் ரயில் ஸ்டேஷன் பக்கம் நடந்து போயிட்டான். பைக்குள்ள என்ன இருந்துச்சுன்னு எனக்குத் தெரியாது. உனக்குத் தெரிஞ்சாலும் எழுதாதே.

மாசியில. நீ ஏப்ரல்ல எனக்கு எழுதுனே. ஜூன்ல எழுதுனே. என் அம்மை செத்தது எனக்குத் தெரியாம நான் அவ என்ன சொன்னான்னு கேட்டு எழுதிக்கிட்டு இருந்திருக்கேன்.

நீ சொல்லு. வேற யாரும் வேண்டாம், நீ சொல்லு.

ஜெயசித்ரா


குற்றாலம்
27 ஜூலை 2025

ஏட்டி சித்ரா,

அப்படிக் கூப்பிடலாமா, கூடாதான்னு தெரியல. கூப்பிட்டுட்டேன். நானும் சத்யாவும் சுகம். இதை எழுதும்போது அவ பக்கத்துலதான் இருக்கா.

மாசி மகத் தேரோட்டத்துக்கு முந்தின வாரம் அத்தை போனாவ. மூச்சுதான். பெரியாஸ்பத்திரியில. கடைசியில கஷ்டப்படல. உன் பிப்ரவரிக் கடிதத்தைக் கொண்டுபோய் வாசிச்சேன். அரிசி டப்பா விஷயத்தைக் கேட்டுட்டு, "கெட்டிக்காரிங்க"ன்னாவ. மறுநாளும் வாசிக்கச் சொன்னாவ. நர்ஸ் வந்தா நிறுத்தச் சொல்லுவாவ, போனா தொடங்கச் சொல்லுவாவ. உன் பேரை அப்பவும் சொல்லல. "அவ நல்லா நடக்காளா"ன்னு கேட்டாவ. நடக்கான்னேன்.

உடம்பை வீட்டுக்குக் கொண்டுவந்து கெடத்தினப்போ உங்க அண்ணன் அழுதாவ, பொய் சொல்லக் கூடாது. அழுதுட்டு எந்திரிச்சு, மாடனையும் இன்னும் ரெண்டு பேரையும் கூப்பிட்டு, ஸ்டேஷன்ல ஒருத்தன், பஸ் ஸ்டாண்டுல ஒருத்தன், குற்றாலம் ரோட்டுல ஒருத்தன்னு நிறுத்தினாவ. "சேதி தெரிஞ்சா வராம இருக்க மாட்டா"ன்னாவ. காரியம் முடியுத வரைக்கும் அவனுங்க அங்கன நின்னானுங்க. என்னை வெட்டினாலும் வருவேன்னு நீ எழுதினது என் மடியில இருந்துச்சு. நான் என்ன செய்ய? செத்தவுக செத்தாச்சு. நீ இருக்கியே. ரெண்டு பேரை ஒரே மாசத்துல எடுத்துப்போட என்னால முடியாது.

தப்புன்னா தப்புதான். மறுபடி அந்த மாசி வந்தாலும் இதையேதான் செய்வேன்.

இனி இங்கன நடந்தது. உங்க அண்ணன் மும்பை வண்டி ஏறின அன்னைக்கே நான் சத்யாவைக் கூட்டிக்கிட்டுப் புறப்பட்டுட்டேன். நீ கூப்பிட்டியேன்னு மும்பைக்கு வரத்தான் நினைச்சேன். ஆனா அவளோட பள்ளிக்கூடம் இங்கன இருக்கு. எதுக்கு நாங்க ஓடணும்? மாவட்ட ஆபீசுல ஒரு பொம்பள அதிகாரியைப் பாத்து எல்லாத்தையும் சொன்னேன். கை வீங்கினதையும் காட்டினேன். கதவு இல்லைன்னு அங்கனதான் முதல்முதலா வாய்விட்டுச் சொன்னேன். உனக்கும் இப்போ சொல்லியாச்சு.

உங்க அண்ணன் திரும்பி வாறதுக்கு முந்தி, படிக்கட்டு முன்னாடி நீ பேர் சொன்ன வீடியோ ஊருக்கு வந்துட்டு. விசாரணை முடியுத வரைக்கும் அவுகளை வேலைக்கு வர வேண்டாம்னுட்டாங்க.

நாங்க லாட்ஜு பின்கட்டு அறையில இருக்கோம். கடையத்துல இருந்து எங்க அப்பா வந்தாவ. போலீஸ்காரன் பொண்டாட்டி லாட்ஜுல தங்குதது அசிங்கம், மரியாதையா வீட்டுக்குப் போன்னாவ. ரஹ்மத்துன்னிசா அக்கா டீயை வச்சுட்டு, "அண்ணாச்சி, நான் இருபது வருஷமா இந்த லாட்ஜுலதான் இருக்கேன், நானும் அசிங்கமா?"ன்னு கேட்டாவ. அப்பா டீயைக் குடிச்சுட்டுப் போயிட்டாவ.

கோவம் இருந்தா எழுது. எழுதாம மட்டும் இருந்துராதே.

சுகந்தி


மும்பை
10 ஆகஸ்ட் 2025

ஏட்டி சுகந்தி,

லிங்கம் சுகம். நான் சாப்பிடுதேன், தூங்குதேன்.

உன் கடிதம் வந்த அன்னைக்கே பதில் எழுதினேன். படிச்சுப் பாத்துக் கிழிச்சுட்டேன். அடுத்ததையும் கிழிச்சேன். என் அம்மைக்கு நான் தலை முழுகல, வாய்க்கரிசி போடல. அதை நீ என்கிட்ட இருந்து எடுத்துட்டே. நீ எடுக்கலைன்னா நான் தென்காசி ஸ்டேஷன்ல இறங்கியிருப்பேன், இன்னைக்கு உன்மேல கோவப்பட ஆள் இருந்திருக்காது. ரெண்டும் உண்மையா இருக்கும்போது ஒரு மனுஷி என்ன செய்யணும்னு எனக்குத் தெரியல. கோவம் இருக்கு. இருந்துட்டுப் போகட்டும். அதோடயே உனக்கு எழுதுதேன்.

"அவ நல்லா நடக்காளா"ன்னு கேட்டான்னு எழுதியிருந்தே. அந்த வரிக்கு மேல என்னால இன்னும் ஒழுங்காப் படிக்க முடியல.

நான் வாரேன். செப்டம்பர்ல. லிங்கமும் வாரார். அந்தப் பொம்பள அதிகாரி பேருக்கு சஃப்ரின் ஒரு மனு எழுதியிருக்கா, நாங்க வாற நாளையும் வண்டியையும் போட்டு. தெரிஞ்சேதான் வாறோம், பகல்லதான் வாறோம். அம்மையை எங்க கரைச்சீங்கன்னு எழுது. அங்கன போய் நிக்கணும். வேற ஒன்னும் வேண்டாம்.

உனக்குக் கை சரியாயிட்டா? இந்தத் தடவை உண்மையை எழுது.

சித்ரா


குற்றாலம்
24 ஆகஸ்ட் 2025

ஏட்டி சித்ரா,

கை முழுசாச் சரியாகல. நடுவிரல் மடங்க மாட்டேங்குது. உண்மை போதுமா? மத்தபடி நான் சுகம். சத்யா பள்ளிக்கூடம் போறா. காலாண்டுப் பரீட்சைக்குப் படிக்கா.

அத்தையைச் சித்தாத்துல கரைச்சோம், யானைப்பாலம் பக்கத்துல. செப்டம்பர்ல தண்ணி குறைஞ்சுதான் இருக்கும், இறங்கி நிக்கலாம். நானும் வாரேன். நீ வேண்டாம்னு சொன்னாலும் வருவேன், தள்ளி நிக்கேன்.

செங்கோட்டை வண்டி தென்காசிக்கு வரும்போது நானும் சத்யாவும் பிளாட்பாரத்துல இருப்போம். நினைவு தெரிஞ்ச பொறவு அவ உன்னை வீடியோவுலதான் பாத்திருக்கா. எப்படிக் கூப்பிடணும்னு ரெண்டு நாளாக் கேட்டுக்கிட்டு இருக்கா.

ஒன்னை மறைக்கக் கூடாதுன்னு எழுதுதேன். இனிமே உன்கிட்ட எதையும் மறைக்கதா இல்ல. நேத்து உங்க அண்ணன் வந்தாவ. சாரல் விட்டிருந்துச்சு, கடைசி சீசன் கூட்டம், நான் வாசல்ல கொடியில போர்வை காயப்போட்டுக்கிட்டு இருந்தேன். எதிர்த்தாப்புல பைக்கை நிறுத்தினாவ. இறங்கல. ஹெல்மெட்டையும் கழட்டல. அக்கா உள்ளே இருந்து, "சுகந்தி, உள்ளே வா"ன்னு கூப்பிட்டாவ.

கையில இருந்த போர்வையை உதறினேன். கொடியில போட்டேன். கிளிப் மாட்டினேன். வாளியில இன்னும் நாலஞ்சு கெடந்துச்சு. ஒவ்வொன்னா எடுத்தேன். அவுக பாத்துக்கிட்டே இருந்தாவ. நான் கடைசிப் போர்வையை விரிச்சப்போ பைக் கிளம்புத சத்தம் கேட்டுச்சு. திரும்பிப் பாக்கல.

நான் உள்ளே போகல, சித்ரா.

பத்திரமா வாங்க. லிங்கம் அண்ணனைத் தலைக்கு ஒரு துண்டு கொண்டுவரச் சொல்லு, இங்கன காத்து ஈரமா இருக்கு.

உன் சுகந்தி